டவாலி கூப்பிடாத பெயர்

சித்தூர் ஜில்லாவில் எங்கள் டவாலி கூப்பிடாத பெயரே கிடையாது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை அவர் வாயிலிருந்து வரவழைக்கத் திருச்சானூர் குளக்கரையில் ஒரு பகல் நான் பட்ட பாடு இருக்கிறதே, நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் ஒரு வாய்க்கால் வழக்குக்காகப் பத்து வருஷம் பட்ட பாடு அதன் கால் தூசுக்கு ஆகாது.

டவாலி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. கோர்ட்டு வாசலில் வெள்ளை உடுப்பின் மேல் சிவப்புப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, நெஞ்சில் பித்தளை வில்லை மின்ன நின்று, வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாரையும் பேர் சொல்லி மூன்று முறை கூவி அழைக்கிறவர். எங்கள் டவாலிக்கு வேலையின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. முன்சீப்பு முதல் வேர்க்கடலை விற்கிறவள் வரை எல்லாருக்கும் அவர் டவாலிதான். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

குரலென்றால் அப்படி ஒரு குரல். அவர் கூப்பிட்டால் தெருவில் போகிற வண்டி மாடு நிற்கும். ஒரு நாள் "பாலகுருவப்பா" என்று மூன்று முறை கூப்பிட்டார். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாலகுருவப்பா, பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர், இறங்கி ஓடிவந்து கூண்டில் ஏறி, "நான் அவன அடிக்கவே இல்லீங்க சாமி" என்று சத்தியம் செய்துவிட்டார். பிறகு விசாரித்ததில் அவர் யாரையோ அடித்தது உண்மைதான் என்று தெரிந்தது. அந்த வழக்கு அப்போது கோர்ட்டுக்கே வந்திருக்கவில்லை.

அது ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தீராத காலம். கோர்ட்டு வராந்தாவில் தினமும் தமிழ் வக்கீல்களும் தெலுங்கு வக்கீல்களும் ஒரே தட்டில் வடையைப் பிட்டுத் தின்றுகொண்டே, திருத்தணி எங்களுக்கு, நகரி உங்களுக்கு என்று ஜில்லாவையும் பிட்டுக்கொண்டிருப்பார்கள். டவாலி அந்தப் பக்கமே போகமாட்டார்.

"எந்த ராஜ்ஜியமா இருந்தா இன்னா தம்பி? பேர் கூப்பிட ஒருத்தன் வேணுமில்ல?" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லன்னா அது எங்கூட்டு எல்லதான். ஆம்பள முன்னாடி, பொம்பள பின்னாடி, நடுவுல பத்தடி. எத்தினி கமிசன் வந்தாலும் அது நவுராது" என்பார்.

பத்தடி என்றால் பத்தடி. நான் அளந்தே பார்த்திருக்கிறேன். கடைத்தெருவுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் முன்னால் கையை வீசிக்கொண்டு நடப்பார். அவர் சம்சாரம் பின்னால் பையோடு வருவார். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். திரும்பிப் பார்ப்பது ஆம்பளைக்கு அழகில்லையாம். பையை வாங்கிக்கொள்வது அதைவிடக் கேவலமாம்.

வீட்டுக்குள்ளும் சம்சாரத்தை அவர் கூப்பிட்டதில்லை. இருமுவார். ஓர் இருமல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் சோறு. மூன்று இருமினால் குடையும் செருப்பும், ஐயா வெளியே கிளம்புகிறார். ஓர் ஐப்பசி மாதம் நிஜமாகவே ஜலதோஷம் பிடித்துவிட்டது. அந்த அம்மா பாவம் சொம்பும் தட்டும் குடையுமாக அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடிப் பார்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் அவர் முன்னால் வரிசையாக வைத்து, "எது வேணுமோ எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீடான எங்கள் வீட்டுக்கு வந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த அம்மாவையும் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டவாலியம்மா. எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் அக்கா.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் டவாலி அந்த அம்மாவுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பார். நடுச்சுவர் மெல்லியது. அவர் குரலோ அப்படி. எங்கள் வீட்டில் நாங்களும் சேர்ந்து பாடம் கேட்போம்.

"கேட்டுக்க. பேரச் சொல்லி மூணு தபா கூப்பிடணும். கூப்பிடாத வரிக்கும் ஒருத்தனும் கூண்டுல ஏற வேணாம். கெவுனரே வந்து சொன்னாலும் ஏற வேணாம். அதான் சட்டம். இன்னா?"

"உம்" என்பார் அந்த அம்மா. குழம்பு ஊற்றுகிற சத்தம் கேட்கும்.

இப்போது என்னைப் பற்றி. அப்போது நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. புத்தூர்ப் பெண் சரோஜாவைக் கல்யாணம் செய்து ஆறு மாதம். புதுக் காலத்து மனுஷன் என்று எனக்கு என்மேல் பெரிய எண்ணம். தெருவில் நின்று "சரோஜா, குட எடுத்தியா?" என்று கத்துவேன். சினிமாவுக்குப் போனால் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போவோம். என் நைனா, அதாவது அப்பா, அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் டவாலி கட்சி. என் அம்மா போகிற வண்டியில் பக்கத்தில் உட்காராமல், நாராயணவனம் வரை வண்டிக்கு முன்னாலேயே நடந்து போனவர் அவர்.

டவாலி ஒரு நாள் என்னை வேப்ப மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, பொண்டாட்டி பேரு தாலி மாதிரி. ஜாக்கெட்டுக்கு உள்ள கெடக்கணும். தெருவுல எடுத்துக் காட்டிக்கினு திரியக் கூடாது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திருச்சானூர்த் தாயார் கோயில் பஞ்சமித் திருவிழாவுக்குப் போன கதைக்கு வருகிறேன். கார்த்திகையில் அன்றைக்கு அந்தக் குளத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது டவாலியம்மாவுக்கு ரொம்ப வருஷத்து ஆசை. அதை நேரே புருஷனிடம் சொல்ல முடியுமா? சரோஜாவிடம் மனுப் போட்டார். சரோஜா என்னிடம் தாக்கல் செய்தாள். நான் டவாலியிடம் வாதாடினேன். மூன்றாம் வாய்தாவில் தீர்ப்பு சாதகமாயிற்று. நாலு பேரும் கிளம்பினோம்.

திருப்பதியில் பஸ் இறங்கி நடந்தோம். முன்னால் டவாலி. பத்தடி விட்டு, தலையில் புளிச்சோற்று மூட்டையும் கையில் சொம்புமாக அந்த அம்மா. அவருக்கும் பின்னால் நானும் சரோஜாவும் தோளோடு தோள் உரச. வழியில் போகிறவர்கள் எங்களைப் பார்ப்பதும் டவாலியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. ஆம்பளை எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குக் காட்டுவதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடையை எட்டிப் போட ஆரம்பித்தார். குளம் நெருங்க நெருங்கக் கூட்டம் நெரித்தது. நான் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், உண்மையில் அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

குளக்கரைக்கு வந்து சேர்ந்தபோது டவாலி ஏற்கனவே படிக்கட்டின் தலைப்பில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். வெயில். தொண்டை வறண்டிருக்கும். ஓர் இருமல் இருமினார். தண்ணீர் வரவில்லை. இன்னும் பலமாக இருமினார். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி மடியிலிருந்து சுக்குத் துண்டு எடுத்து நீட்டி, "வாய்ல அடக்கிக்கோப்பா" என்றார்.

அப்போதுதான் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக டவாலி திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆயிரம் தலை. அவர் தேடிய தலை இல்லை.

"வருவா" என்றார். நின்றோம். மேளச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. சக்கரத்தாழ்வாரைக் குளத்தில் முழுக வைக்கும் நேரத்தில் அத்தனை ஜனமும் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறங்கும். அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் அந்த நெரிசலில் ஒரு பொம்பளை தனியாக என்ன ஆவார் என்று நினைத்து, கழுத்தை எட்டிப் போட்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். சரோஜா, "பொம்பளைங்க குளிக்கிற பக்கம் பாத்துட்டு வரேன்" என்று ஓடினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "காணோமே" என்றாள். "இன்னொரு சுத்து பாக்கறேன்" என்று மறுபடி போனவள் போனவள்தான். 'சரோஜா, சரோஜா' என்று கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் திரிந்து பார்த்தேன், பலனில்லை.

தொலைந்தவர்களைக் கூப்பிட ஒரு கொட்டகையில் மைக்செட் வைத்திருந்தார்கள். தொண்டர் ஒரு தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். காகிதத்தை வைத்துக்கொண்டு, "பேரு செப்பண்டி" என்றார், பேர் சொல்லுங்கள் என்று.

டவாலிக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வாய் திறக்கவில்லை.

"அடையாளமாவது சொல்லுங்க" என்று நான் நடுவில் புகுந்தேன். "அக்கா இன்னா கலர் சேல கட்டிக்கினு இருந்தாங்க?"

"தெரியாது."

"உயரமா, குட்டையா?"

"பின்னாலதான வருவா. எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சொல்லலாம் என்றால், வழியெல்லாம் அந்த அம்மாவுக்குப் பின்னால் நடந்து வந்தவன்தான், என் கண்ணில் சரோஜாவின் சேலையைத் தவிர உலகத்தில் வேறு சேலையே படவில்லை. தொண்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த இரண்டு ஆம்பளைகளையும் நம்பி இரண்டு பெண்கள் எப்படி ஊர்விட்டு ஊர் வந்தார்கள் என்று யோசித்திருப்பார்.

கடைசியில் டவாலியே ஒரு வழி சொன்னார். "சித்தூர் டவாலி சம்சாரம்னு கூப்பிடு." அப்படியே கூப்பிட்டார்கள். சித்தூரில் ஒரு கோர்ட்டா, ஒரு ஆபீசா? ஐந்து நிமிஷத்தில் மூன்று டவாலி சம்சாரங்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தர் கலெக்டர் கச்சேரி டவாலியின் சம்சாரம். ஒருத்தர் ஜில்லா கோர்ட்டு. மூன்றாவது அம்மாள், "எங்கூட்டுக்காரர் ரிட்டேராயி நாலு வருசம் ஆச்சி, இப்ப எதுக்குக் கூப்டறாங்க?" என்று எங்களைச் சண்டைக்கு இழுத்தார். எங்கள் டவாலியின் சம்சாரம் மட்டும் வரவில்லை.

அப்போது ஒரு பையனும் கிழவருமாக ஓடிவந்து தொண்டரிடம் ஏதோ சொன்னார்கள். தொண்டர் எழுந்துவிட்டார். தெற்குப் படித்துறையில் ஒரு பெண் தண்ணீருக்குள் மயங்கி விழுந்து, தூக்கி வந்து முதலுதவிக் கொட்டகையில் கிடத்தியிருக்கிறார்களாம். நாற்பது வயசிருக்குமாம். கூட யாரையும் காணோமாம்.

டவாலியின் முகத்தை அன்று பார்த்ததுபோல் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மீசை மட்டும் அப்படியே நின்றது. அதற்குக் கீழே எல்லாம் ஆடியது.

முதலுதவிக் கொட்டகையைச் சுற்றிச் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே ஈரத் துணியோடு நாலைந்து பெண்கள், ஆம்பளைகள் வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். சேலை மறைப்பிலிருந்து ஒரு நர்ஸம்மா தலையை நீட்டினார். கண் திறக்காமல் கிடக்கிறாள், பேர் தெரிந்தால் காதில் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். "ஆவிட பேரு செப்பண்டி, செவிலோ பிலுஸ்தானு."

நான் டவாலியைப் பார்த்தேன். டவாலி தரையைப் பார்த்தார்.

"அண்ணா, சொல்லிடுண்ணா."

உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. வேலூர் பஸ்ஸிலிருந்து ஆளை இறக்கிய தொண்டையிலிருந்து ஒரு மயிரளவு சத்தம் வரவில்லை.

"எழுதியாவது குடுண்ணா."

"எனக்குக் கையெழுத்து போட மட்டும்தான் வரும்."

"சரி, என் காதுல சொல்லு. நான் சொல்லிக்கிறேன்."

"உன் காதுலயா? அடுத்தவன் காதுலயா அவ பேரு?" என்றார். கோபம் வந்ததே தவிர பேர் வரவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. என்னைவிட இருபது வயசு பெரியவர் என்பதையெல்லாம் மறந்து கத்திவிட்டேன். "உன் ஆம்பளத்தனத்தக் கொண்டு போய் குளத்துல போடு! உள்ள அக்கா உசுரோட கீறாங்களா இல்லியான்னு தெரியல. ஒரு பேரு. ஊர் ஒலகத்துப் பேரெல்லாம் சொல்ற வாய்க்கு அது ஒண்ணு கசக்குதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கசக்கலடா" என்றார். 'டா' போட்டு அவர் என்னைப் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் கூப்பிடறதெல்லாம் யாரு பேரு? திருடன் பேரு. அடிச்சவன் பேரு. அண்ணன் தம்பி நெலத்த அபகரிச்சவன் பேரு. இருவத்தி ரெண்டு வருசமா இந்த வாய்ல அதுங்கதான் பொழங்குது. அந்த வாயால அவ பேர எப்பிடிடா சொல்லுவேன்?"

மேளம் குளக்கரைக்கு வந்துவிட்டது. "கோவிந்தா" என்று ஆயிரம் குரல் எழுந்தது. நர்ஸம்மா மறுபடி தலையை நீட்டி, "தொந்தரகா செப்பண்டி" என்றார். சீக்கிரம் சொல்லுங்கள்.

டவாலி சட்டென்று திரும்பி, கொட்டகையை விட்டு வெட்டவெளிக்கு நடந்தார். கோர்ட்டு வாசலில் நிற்பதுபோல் கால்களைச் சேர்த்து நின்றார். இல்லாத பட்டையைத் தோளில் சரி செய்துகொண்டார். இடது கையைக் காதோரம் வைத்தார்.

"வள்ளியம்மா..."

முதல் கூப்பாடு உடைந்து வந்தது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவது கூப்பாட்டில் மேளக்காரர்கள் ஒரு தாளம் தப்பவிட்டார்கள். கூட்டத்தில் இருந்த ஏழெட்டு வள்ளியம்மாக்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

மைக்செட் கொட்டகைக்கு எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து நின்று, புளிச்சோற்று மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆஜருங்க."

பக்கத்தில் சரோஜா உட்கார்ந்திருந்தாள்.

டவாலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். எனக்குப் பழைய பயம் போய்ப் புதுப் பயம் வந்தது. அந்தத் தலைமுறை ஆம்பளைகள் நாலு பேருக்கு நடுவில் கை ஓங்குவதைப் பெரிய தப்பாக நினைத்ததில்லை. என் நைனா ஓங்கி நான் பார்த்திருக்கிறேன். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்க போன?" என்று கேட்டார். குரல் நடுங்கியது.

"எங்கியும் போவல. வழியில கால்ல முள்ளு குத்திச்சி, கூட்டத்த வுட்டு ஓரமா நின்னுட்டேன். நீங்க திரும்பிப் பாக்கல. கூப்பிடலாம்னா உங்க பேர நான் சொல்லக் கூடாது. நொண்டிக்கினே வந்து இங்க குந்திக்கினேன்."

"மைக்குல கூப்பிட்டாங்களே, காதுல வியலயா?"

"விய்ந்துது. டவாலி சம்சாரம்னாங்க. மூணு பேரு எய்ந்து போனாங்க, பாத்தேன்." அந்த அம்மா மூச்சு விட்டுக்கொண்டார். அடுத்ததைச் சொல்லும்போது அவர் குரலும் நடுங்கியது. "பேரச் சொல்லி மூணு தபா கூப்பிடாத வரிக்கும் ஏற வேணாம், அதான் சட்டம்னு தெனம் சோறு துன்னும்போது நீங்கதான சொல்லிக்கினு இருப்பீங்க?"

டவாலியின் கை மேலே எழுந்தது. சரோஜா சட்டென்று வந்து அக்காவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். எழுந்த கை அவர் தோள் துண்டுக்குப் போயிற்று. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு, அவ்வளவு பெரிய மீசையும் அவ்வளவு பெரிய உடம்பும் குலுங்க அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றி நின்றவர்களை விரட்டினேன். அந்த அம்மா குனிந்து, சொம்பை நீட்டி, "தண்ணி குடிங்க. இருமவே வேணாம்" என்றார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

கொட்டகையில் கிடந்த பெண் யாரோ. அவளும் கண் விழித்து, வீட்டுக்காரரோடு போய்ச் சேர்ந்தாள் என்று தொண்டர் சொன்னார். டவாலியம்மா ஆசைப்பட்ட முழுக்கையும் போட்டுவிட்டு வந்தார். திரும்பும்போது அவர் காலில் முள் குத்திய இடம் வீங்கியிருந்தது. டவாலி எதுவும் பேசாமல் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். முன்னால்தான் நடந்தார். ஆனால் நான் எண்ணிப் பார்த்தேன், நடுவில் நாலடிதான். எந்தக் கமிஷனும் உட்காராமல் ஆறடி ராஜ்யம் கை மாறியிருந்தது.

பஸ்ஸில் நான் சரோஜாவைப் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்றிலேயே அக்காவைக் கண்டுபிடித்துவிட்டாளாம். "நீ சும்மா இரு, அவரு கூப்பிடட்டும்" என்று அக்கா சொன்னாராம். இவள் ஒப்புக்கொண்டாளாம்.

"நாங்க செத்துப் பொழச்சோம். உனக்கு மனசே இல்லியா? உன்னையும் காணோம்னு நான் 'சரோஜா சரோஜா'ன்னு கத்திக்கினு திரிஞ்சேன், தெரியுமா?"

"கேட்டுது."

"கேட்டும் வரலயா? நான் உன்ன மொத நாள்லேந்து பேர் சொல்லித்தான கூப்பிடறேன்? டவாலி மாதிரியா?"

சரோஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு இருமினா தண்ணி. நீங்க சரோஜான்னா காப்பி. அதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

மறுநாள் காலையில் காப்பியை நானே போட்டேன். குடிக்க முடியவில்லை. அவள் குடித்தாள்.

டவாலி அதற்குப் பிறகு பெரிய புரட்சிக்காரராக மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இருமல் நிற்கவில்லை. சட்டப் பாடமும் நிற்கவில்லை. ஆனால் சாயங்காலம் கோர்ட்டு முடிந்து தெருமுனைக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை, வாசல் குரலில் இல்லை, வேறு ஒரு குரலில், "வள்ளியம்மா" என்பார். தெருவே காது கொடுத்துக் கேட்கும். என் நைனா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

சில வருஷம் கழித்து எல்லைச் சண்டை ஒருவழியாகத் தீர்ந்து திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. டவாலியம்மாவுக்குத் தாய்வீடு அந்தப் பக்கத்து ஊர். "எங்கூட்டுக்காரரு ஒரு ராஜ்ஜியம், எங்கம்மா ஒரு ராஜ்ஜியம்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வருஷம்தான் டவாலி ஓய்வு பெற்றார். கடைசி நாள் கோர்ட்டு ஹாலில் மாலை போட்டு, முன்சீப்பு இரண்டு வார்த்தை பேசினார். சிவப்புப் பட்டையையும் பித்தளை வில்லையையும் கழற்றி மேஜைமேல் வைத்தார் டவாலி. அது இல்லாமல் பார்த்தால் யாரோ வயசான ஆள்போல இருந்தார். ஒரு மூலை பெஞ்சில் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வக்கீல்கள் கலைந்தார்கள். "வீட்டுக்குப் போலாம்ணா" என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்காததுபோல் இருந்தார். நாளைக்கு இங்கே வேறொருவன் நின்று கூப்பிடுவான் என்ற நினைப்பு அவரை அந்தப் பெஞ்சோடு கட்டிப் போட்டிருந்தது.

அப்போது வாசலில், அவர் இத்தனை வருஷம் நின்ற அதே இடத்தில், டவாலியம்மா வந்து நின்றார். புதுச்சேலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒரு பெயரைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்.

எங்களுக்கு அது யார் பெயரென்றே தெரியவில்லை. பெஞ்சு கிளார்க்கு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைய வழக்கு லிஸ்டைப் புரட்டி, "அப்படி ஒரு பேரு இன்னிக்கு இல்லியேம்மா" என்றார்.

மூலையில் பெஞ்சு கிறீச்சிட்டது. டவாலி எழுந்து, வேட்டியைச் சரி செய்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ஆஜர்" என்றார்.

இரண்டு பேரும் படியிறங்கிப் போனதை நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். அன்றைக்கும் அவர்தான் முன்னால் நடந்தார். ஆனால் நாலடிக்கு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

போன வாரம் இந்தக் கதையை என் பேரனிடம் சொன்னேன். அவன் ஒரு தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே, "பொண்டாட்டி பேரச் சொன்னாரு, அவ்ளோதானே தாத்தா? இதுக்கா இம்மாம் பில்டப்பு?" என்றான். உள்ளேயிருந்து அவன் மனைவி, "டேய், அது அவ்ளோ லேசில்லடா" என்று பதில் சொன்னாள். சரோஜா என்னைப் பார்த்துச் சிரித்தாள். காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன். இப்போது ஓரளவு குடிக்கிறமாதிரி போடுகிறேன்.

டவாலியின் பெயர் எனக்குத் தெரியும். அன்று மூன்று தடவை காதாரக் கேட்டவன். இங்கே எழுதலாமா என்று பேனாவைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டாயிற்று, அவரும் எழுந்து வந்தாயிற்று.